தொப்பி மாசிலான் கொண்டுபோன கடுதாசி

இப்படி நிழலில் வந்து உட்காருங்க, செட்டியாரே. காஞ்சிபுரத்திலிருந்து துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு இத்தனை காதம் வந்துவிட்டு, இந்தக் கொஞ்சத் தண்ணீருக்கு அவசரப்படலாமா? கப்பல் எங்கே போகிறது? அதோ, நங்கூரம் போட்டுக்கொண்டு சும்மாதான் நிற்கிறது. நடுவில் இருக்கிற மூன்று அலைதான் சங்கதி. முதல் அலை தட்டும். இரண்டாவது தூக்கும். மூன்றாவது, வந்தவனை யார் எவர் என்று கேட்காமல் கரைக்கே திருப்பி அனுப்பும். வெயில் சாய்ந்தால் மூன்றும் கொஞ்சம் அடங்கும். அப்போது உங்களைத் தையல் படகில், அதான் பலகையைக் கயிற்றால் தைத்த படகில், ஏற்றுவார்கள். நான் கட்டுமரத்தில் பக்கத்திலேயே வருவேன். படகு கவிழ்ந்தால் உங்களை எடுத்துப் போட. முகம் ஏன் அப்படிப் போகிறது? கவிழ்கிற படகு கம்மிதான்.

என் தலையைத்தானே பார்க்கிறீங்க? எல்லாரும் பார்ப்பார்கள். பனையோலைத் தொப்பி. கூம்பாக முடைந்து, உள்ளே ஓலைப் பாய் வைத்து, வெளியே மெழுகு தடவியிருக்கிறது. தாடைக்கடியில் கயிற்றை இறுக்கிவிட்டால், நான் குப்புற விழுந்து கடலுக்கடியில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தாலும் உள்ளே இருக்கிற காகிதத்தில் ஒரு சொட்டுப் படாது. கோட்டைக் கடுதாசி கப்பலுக்குப் போவதும் இதில்தான், கப்பல் கடுதாசி கோட்டைக்கு வருவதும் இதில்தான். உடம்பில் கோவணம், தலையில் கும்பினி. இதுதான் என் பிழைப்பு. சீமையில் இருக்கிற கும்பினி முதலாளிமார் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால், அந்த வார்த்தை ஆறேழு மாதம் தண்ணீரில் மிதந்து வந்து, கடைசியில் என் தலையில் ஏறித்தான் கோட்டைக்குள் நுழைய வேண்டும். கோட்டையில் பெரிய துரை தலையில் ஒரு பொய்முடி வைத்திருக்கிறார். என் தலையில் இருப்பதெல்லாம் நிஜம்.

உங்களுக்கு வழியிலேயே யாராவது சொல்லியிருப்பார்கள். துபாஷி குருவப்பா சொல்லியிருப்பார். இங்கிலீசுக்காரர் பேச்சைத் தமிழாக்கிச் சொல்கிறவர் அவர்தான். சொல்லாத பேச்சையும் சேர்த்துச் சொல்வார். "மாசிலான்கிட்டக் கடுதாசி குடுத்தா ஆகிற கல்யாணமும் நின்னுபோகும்" என்றிருப்பார். சொன்னாரா இல்லையா? பாருங்க, சிரிக்கிறீங்க. நான் ஒரு கேள்வி கேட்கிறேன், நீங்கள் நாலு ஊர் பார்த்த ஆள், நியாயம் சொல்லுங்க. என் கையில் வந்த கடுதாசி ஒன்றாவது தொலைந்தது உண்டா? கிடையாது. தாமதமாகியிருக்கும். தாமதமாவது வேறு, தொலைவது வேறு.

இருங்க, முதலிலிருந்து சொல்கிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாதம். சீமைக்குத் திரும்புகிற கப்பல் தையில்தான் கிளம்பும். அதை விட்டால் அடுத்த தைதான். அதனால் கிளம்புகிற அன்றைக்குக் கோட்டையே பைத்தியம் பிடித்ததுபோல் எழுதிக்கொண்டிருக்கும். நான் கும்பினிக் கட்டு எல்லாவற்றையும் வாங்கித் தொப்பிக்குள் திணித்து, கயிற்றை இறுக்கி, கட்டுமரத்தைத் தண்ணீரில் தள்ளிவிட்டேன். அப்போது பின்னாலிருந்து "மாசிலா! மாசிலா!" என்று ஒரு கத்தல். திரும்பிப் பார்த்தால் அம்ப்ரித் துரை.

அம்ப்ரித் துரை என்றால் பெரிய துரை இல்லை. கோட்டையில் எழுத்து வேலை பார்க்கிற சின்ன துரை. அப்போது இருபத்துமூன்று வயது இருக்கும். வெயில் பட்டு முகம் அவித்த இறால் மாதிரி இருக்கும். நல்ல மனுஷன், கொஞ்சம் தமிழும் பேசுவார். பூட்சோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து, பச்சை அரக்கு வைத்த ஒரு கடுதாசியை என் தொப்பிக்குள் அவரே சொருகினார்.

"இது போகணும் மாசிலா. இது கட்டாயம் போகணும்."

"போகும் தொரே. என்கிட்ட வந்துடிச்சில்ல?"

அந்தக் கடுதாசியில் என்ன இருந்தது என்று எனக்குப் பிற்பாடுதான் தெரியும். சீமையில் அவருக்குச் சூசன்னா என்று ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தார்கள். பக்கத்துத் தெரு. பெண்ணின் அப்பா கையுறை தைத்து விற்கிறவர். இவர் இங்கே வந்து காலூன்றியதும் பெண் கப்பலேறி வருவதாக ஏற்பாடு. இவரும் "அடுத்த வருஷக் கப்பலில் வந்துவிடு" என்று ஆசையாக எழுதிப் போட்டுவிட்டார். போட்ட பிறகு சாந்தோமில் ஒரு பறங்கி விதவையைப் பார்த்துவிட்டார். தோனா பெர்னார்தா. அவளுக்கு ஒரு கொய்யாத் தோட்டம் இருந்தது. அம்ப்ரித் துரைக்கு வாரத்தில் நாலு நாள் கொய்யாப்பழம் தின்ன வேண்டும்போல் இருந்தது. புரிகிறதல்லவா? அதனால் பச்சை அரக்குக் கடுதாசி. "வராதே. என்னை மறந்துவிடு."

நான் மூன்று அலையையும் தாண்டிக் கப்பலில் ஏறி, தொப்பியைக் கழற்றி, கடுதாசிக் கட்டுகளையெல்லாம் கப்பித்தான் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். பாய் விரித்த கப்பல் கண்ணுக்கு மறைகிறவரை கரையில் நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தொப்பியை என் வீட்டுக்காரி செங்கேணியிடம் கொடுத்தேன், உப்பைக் கழுவி வைக்க.

அந்த வாரம்தான் அவள் தொப்பிக்குள் புதுப் பாய் வைத்துத் தைத்திருந்தாள். பழையது நைந்துவிட்டது. புதுப் பாய் ஓரத்தில் ஒரு விரல் அகலம் தையல் விட்டுப்போயிருந்தது. அதற்குள் கையை விட்டு என்னத்தையோ இழுத்தாள்.

"என்னய்யா இது?"

பச்சை அரக்கு.

"கடுதாசி" என்றேன்.

"எங்க போறது?"

"சீமைக்கு."

"எப்பப் போகும்?"

"இனிமே அடுத்த தை."

"அப்ப அடுப்புல போடு."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள் பாருங்க. தையல் விட்டது யார்? அவள். பழி யாருக்கு? எனக்கு. அடுப்பில் போடுவதாம்! நான் சொன்னேன்: "ஏய் செங்கேணி, மீனை வலையிலிருந்து நழுவ விடலாம், கடுதாசியைத் தலையிலிருந்து நழுவ விடக்கூடாது. இது போய்ச் சேர்ந்தே ஆகும்." அவள், "அப்ப நாளைக்கே துரைகிட்டப் போய்ச் சொல்லு" என்றாள். அது எப்படி முடியும்? சொன்னால் தொப்பியைப் பிடுங்கிவிடுவார்கள். எங்கள் படகுத் தலைவனுக்கு ஒரு மருமகன் இருக்கிறான், தலை மட்டும் பெரிதாக. இந்தத் தொப்பிக்காகவே பிறந்த தலை என்று மாமனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் எப்படி வாயைத் திறப்பேன்?

ஆக, கடுதாசி கூரைச் சொருகலுக்குப் போயிற்று.

பங்குனியில் தோனா பெர்னார்தா, பழவேற்காட்டிலிருந்து வந்த ஒல்லாந்துப் பீரங்கிக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். போகிறவள் கொய்யாத் தோட்டத்தையும் விற்றுவிட்டுப் போனாள். அம்ப்ரித் துரை உடைந்துபோனார். தினமும் சாயங்காலம் இந்தக் கரைக்கு வந்து, வலை உலர்த்துகிற என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கடலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

"மாசிலா, அந்தக் கடுதாசி போய்ச் சேர்ந்திருக்குமா?"

கடுதாசி இருப்பதோ என் கூரையில். ஆனாலும் ஆளைக் கலங்கவிடக்கூடாது பாருங்க. "சேர்ந்திருக்கும் தொரே. சேராம எங்க போகும்?" என்பேன்.

"கப்பல் முழுகியிருந்தா?"

"அப்படியெல்லாம் நெனைக்காதீங்க தொரே. ஒண்ணும் ஆகாது. கடுதாசி பத்திரமா இருக்கும்."

நான் தைரியம் சொல்லச் சொல்ல அவர் முகம் இன்னும் சின்னதாகிக்கொண்டே போகும். சில நாள் அழுதேவிடுவார். கடுதாசி மேல் அவ்வளவு அக்கறை. அதைப் பார்த்துத்தான் எனக்கு வைராக்கியம் வந்தது, செட்டியாரே. இவ்வளவு கவலைப்படுகிற மனுஷனுடைய கடுதாசியை என்ன ஆனாலும் கொண்டு சேர்ப்பது என்று.

செங்கேணி ஒருநாள் வலைக்குப் பின்னால் நின்று இதைக் கேட்டுவிட்டு, "யோவ், அவரு அது போகாம இருந்தாத் தேவலைன்னு அழுவுறாருய்யா. போய்ச் சொல்லித் தொலையேன்" என்றாள். பொம்பளைக்குத் தொழில் நுணுக்கம் தெரியுமா? யாராவது கடுதாசி எழுதி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கொடுத்துவிட்டு, அது போகக்கூடாது என்று அழுவார்களா?

அடுத்த தை வந்தது. கடுதாசியைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு கப்பலுக்குப் போனேன். பொய் சொல்லவில்லை, போனேன். அங்கே கப்பித்தான் மேல்தட்டில் ஒரு மாலுமியைக் கயிற்றால் விளாசிக்கொண்டிருந்தார். எதற்கென்று கேட்டால், ஒரு வேலையைத் தாமதமாகச் செய்தானாம். நான் இந்த வருஷத்துக் கடுதாசிக் கட்டை மட்டும் கொடுத்துவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கிவிட்டேன். நல்ல கப்பித்தானாக ஒருத்தர் வரட்டும்.

வந்தார். அந்த ஆடியிலேயே வந்தார். சீமைக் கப்பல் நங்கூரம் போட்டதும் முதலில் போகிறவன் நான்தான். வழக்கம் அது. கோட்டைத் துரையின் வந்தனக் கடுதாசியோடு பச்சை அரக்கையும் வைத்துக்கொண்டு ஏறினேன். தட்டில் நாலைந்து வெள்ளைக்காரப் பெண்கள் இருந்தார்கள். என் கோவணத்தைப் பார்த்ததும் முகத்தை மூடிக்கொண்டு கூச்சல் போட்டார்கள். ஒருத்தி மட்டும் கூச்சல் போடவில்லை. என் தொப்பியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெலிந்த பெண். ஆறேழு மாதக் கடலில் எல்லாரும் வாடிப்போயிருக்க, அவள் மட்டும் நல்ல உடுப்பு உடுத்தி, தலைவாரி, கையில் ஒரு மரப்பெட்டியோடு, இப்போதே கரைக்குக் குதித்துவிடுவதுபோல் நின்றாள்.

கப்பித்தான் சிரித்த முகம். சந்தோஷமாகப் பச்சை அரக்கை நீட்டினேன். மேலே இருந்த பெயரைப் படித்தார். திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார்.

அவள் ஓடிவந்து கடுதாசியை வாங்கிக்கொண்டாள். எழுத்தைப் பார்த்ததும் முகம் அப்படியே மலர்ந்தது. அது அவளுக்கு வந்த கடுதாசிதான். செட்டியாரே, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. யோசித்துப் பாருங்க. சீமைக்குப் போக வேண்டிய கடுதாசி, போகாமலேயே, யாருக்குப் போக வேண்டுமோ அவள் கையிலேயே நேராகச் சேர்கிறது! எந்தத் தொப்பிக்காரனுக்கு இந்தப் பாக்கியம் கிடைத்திருக்கிறது?

படித்தாள். மலர்ந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டது. இன்னொரு தடவை படித்தாள். பிறகு கரையைக் காட்டி, கடுதாசியைக் காட்டி, எப்போது கொடுத்தார் என்று சைகையில் கேட்டாள். நான் ஒரு விரலை முழுசாகவும் இன்னொரு விரலைப் பாதி மடக்கியும் காட்டினேன். ஒன்றரை வருஷம்! பெருமையாகத்தான் காட்டினேன். ஒன்றரை வருஷமாகக் காப்பாற்றியிருக்கிறேனே.

அவள் கையிலிருந்த மரப்பெட்டியை என் கையில் வைத்துவிட்டு அப்பால் திரும்பிக்கொண்டாள். அது எனக்கு வெகுமதி என்று நினைத்தேன். வீட்டில் திறந்து பார்த்தால் சீமைப் பாலாடைக்கட்டி. அம்ப்ரித் துரைக்குப் பிடிக்கும் என்று வழியெல்லாம் எலிக்குக் கொடுக்காமல் காத்துக் கொண்டுவந்தாளாம். அந்த வாசனைக்குச் செங்கேணி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நண்டுக்கு இரையாக வைத்துப் பார்த்தோம். நண்டும் வரவில்லை.

திரும்பிப் போகத் தை வரை கப்பல் கிடையாது. அதனால் அவள் இறங்கித்தான் ஆக வேண்டும். தையல் படகில் அவளை ஏற்றிக் கொண்டுவந்தார்கள். கரையில் அம்ப்ரித் துரை, கணக்குப் புத்தகத்தோடு கும்பினிச் சாமான் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்தார். படகில் சூசன்னா. புத்தகத்தைத் தண்ணீரில் போட்டுவிட்டு ஓடினார் பாருங்க, விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து! கடுதாசி கிடைத்தும் தன்னைத் தேடி வந்துவிட்டாளே என்று நினைத்திருப்பார். அழுகையும் சிரிப்புமாக இரண்டு கையையும் நீட்டினார்.

அவள் அந்தக் கையில் கடுதாசியை வைத்தாள்.

அவர்கள் பேசியதைத் துபாஷி குருவப்பா கரை முழுவதற்கும் உடனுக்குடன் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

"இது உங்க கையெழுத்தான்னு அம்மா கேக்குறாங்க. ஆமா, ஆனா இது எப்ப கெடச்சுதுன்னு துரை கேக்குறார். இன்னிக்குக் காலையிலன்னு அம்மா சொல்றாங்க. துரை..." குருவப்பா நிறுத்தினார். "மாசிலா, அவர் ஒன்னையப் பாக்குறார்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

பிறகு சூசன்னாம்மா பேசினாள். சத்தமாகப் பேசவில்லை. குருவப்பாவே இரண்டாவது தடவை கேட்டுத்தான் சொன்னார்: "உங்க கடுதாசி இன்னிக்குத்தான் வந்தது. பதில் எழுதுவேன். கடுதாசி எப்படி வருமோ அப்படி வரும்."

நேராகப் பாதிரி வீட்டுக்குப் போய்விட்டாள்.

என்னை விசாரித்தார்கள். பெரிய துரை பிரம்பைத் தடவிக்கொண்டே கேட்டார். ஆனால் அம்ப்ரித் துரையால் என்மேல் குற்றம் சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. கடுதாசி போகாததால்தான் அந்தப் பெண் வந்தாள். போனதால்தான் பேசமாட்டேன் என்கிறாள். காலையில் என்னைக் கூப்பிட்டு ஒரு மேல்துணி கொடுத்தார். சாயங்காலம் பிரம்பெடுத்துக்கொண்டு கோட்டை வாசல் வரை துரத்தினார். மறு வாரமும் அதே கதை. ஒரு மாதத்தில் எனக்கு நாலு மேல்துணி சேர்ந்தது. கடைசியில் பெரிய துரை, கடுதாசி சேர்ந்துவிட்டதால் குற்றம் இல்லை என்று சொல்லித் தொப்பியை என்னிடமே விட்டுவிட்டார். படகுத் தலைவனின் மருமகன் அன்றைக்குச் சோறு தின்னவில்லையாம்.

பதில் மட்டும் வரவில்லை. ஆடி போய், மழைக்காலமும் போய்விட்டது. கோவிலில் ஞாயிற்றுக்கிழமை எதிரும் புதிருமாக உட்காருவார்கள். அவர் பார்ப்பார், அவள் பாதிரியைப் பார்ப்பாள். கோட்டையில் மாப்பிள்ளைக்குப் பஞ்சமா? மூன்று பேர் அவளைக் கேட்டு வந்தார்கள். "எனக்கு ஒரு பதில் எழுத வேண்டியிருக்கிறது, அது முடியட்டும்" என்று மூன்று பேரையும் அனுப்பிவிட்டாள்.

தை பிறந்தது. கப்பல் கிளம்புகிற அன்று சூசன்னாம்மாவே கரைக்கு வந்தாள். கையில் தடிமனான ஒரு கடுதாசி, கறுப்பு அரக்கு. கூடவே குருவப்பா.

"மாசிலா, இது துரைக்கு அம்மா எழுதின பதில்."

"அப்படியா? துரை அதோ நிக்கிறாரே. குடுத்துடட்டுமா?"

"கெட்டது போ! மேல அம்மாவோட அக்கா பேரு இருக்கு. சீமைக்குப் போகணும். அக்கா மேலுறையப் பிரிச்சுட்டு, உள்ள இருக்கறத அடுத்த கப்பல்ல துரை பேருக்குப் போடணும். அப்படி ஏற்பாடு."

நான் குருவப்பாவைப் பார்த்தேன். "ஐயா, துரை முப்பது அடி தூரத்தில நிக்கிறாரு."

"அதத்தான் நானும் சொன்னேன். கடுதாசின்னா சீமைக்கும் இங்கயுமா போய் வர்றதுதானேங்கறாங்க."

அம்ப்ரித் துரையும் ஓடிவந்துவிட்டார். "மாசிலா, அது எனக்குத்தானே? குடு!"

"மேல வேற பேரு போட்டிருக்கு தொரே. சீமைக்குப் போய்ட்டு வரட்டும், ஒங்க பேருக்கு வந்ததும் கட்டாயம் குடுக்கிறேன்." கயிற்றை இறுக்கினேன். கிளம்பினேன். இந்தத் தடவை புறப்படுமுன் தொப்பிப் பாயைச் சுற்றிலும் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டேன். தப்பு செய்தால் திருந்தத் தெரிந்தவன் நான்.

அப்புறம் ஒரு அதிசயம் நடந்தது, செட்டியாரே. கோபத்தையெல்லாம் எழுதிக் கப்பலேற்றி அனுப்பிவிட்டாள் அல்லவா? கையில் கோபமே மிச்சமில்லை! மறு ஞாயிற்றுக்கிழமை அவர் வணக்கம் சொன்னதற்குத் தலையசைத்தாளாம். அதற்கடுத்த வாரம், வெயில் ஜாஸ்தி என்று பேசிக்கொண்டார்களாம். மாசியில் இரண்டு பேரும் இந்தக் கரையில் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். பின்னால் குடைக்காரன், அவன் பின்னால் நம் குருவப்பா. அவர் எங்கேதான் இல்லை?

"கடுதாசியில என்ன எழுதினேன்னு துரை கேக்குறார். வரும், வந்தாப் படிச்சுக்கங்கன்னு அம்மா சொல்றாங்க. சிரிக்கிறாங்க. ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க."

சித்திரையில் கோட்டைக் கோவிலில் கல்யாணம். நான் நல்ல வஞ்சிர மீனாக ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த தையில் பெண் குழந்தை. அம்ப்ரித் துரை என்னைக் கண்டால் பிரம்பெடுப்பதை மறந்தேவிட்டார். மேல்துணியையும் மறந்துவிட்டார், அது போகட்டும்.

எல்லாரும் எல்லாவற்றையும் மறந்துவிட்டார்கள். மறக்காதவன் நான் ஒருத்தன்தான்.

அந்த ஆடியில் கப்பல் வந்தது. ஏறினேன். கும்பினிக் கட்டோடு கட்டாக, கறுப்பு அரக்கு. மேலே இப்போது துரை பெயர். கட்டுமரத்தில் திரும்பி வருகிறேன், கரையில் ஒரே கூட்டம். முன்னால் சூசன்னாம்மா, இடுப்பில் ஆறு மாதக் குழந்தை. ஒரு கையைத் தூக்கி ஆட்டு ஆட்டென்று ஆட்டுகிறாள். வரவேற்கிறாள் என்று நினைத்து நானும் கையாட்டினேன். கிட்ட வந்த பிறகுதான் தெரிந்தது, 'போடு, கடலில் போடு' என்கிறாள். நான் தலையில் கைவைத்துக் காட்டினேன், 'பத்திரமாக இருக்கு, கவலைப்படாதீங்க.'

இறங்கியதும் இரண்டு கை என் முன்னால் நீண்டது. ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் அவர்.

"எழுதுனது நான். எனக்குத் திருப்பிக் குடு" என்றாள். அதற்குள் தமிழ் நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தாள்.

"பேரு என்னுது. எனக்குக் குடு" என்றார் அவர்.

"மாசிலா, அதுல ரொம்ப மோசமா எழுதியிருக்கேன். அவரை, அவங்க அம்மாவை, அவர் மூக்கை, எல்லாத்தையும் பத்தி. அப்ப எனக்குக் கோபம். அவர் படிக்கக்கூடாது." கண்ணில் தண்ணீர் நின்றது. குழந்தை வேறு என் தொப்பிக் கயிற்றைப் பிடித்து இழுக்கிறது.

செட்டியாரே, கல்நெஞ்சனும் இளகிப்போவான். கூட்டத்தில் ஆளாளுக்குக் கத்தினார்கள். "அம்மாகிட்ட குடுத்துடுறா!" "கடல்ல போடுறா பாவி!" செங்கேணி கூட்டத்தின் நடுவிலிருந்து, "அன்னிக்கே அடுப்புல போடுன்னேன்" என்கிறாள், அது வேறு கடுதாசி என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. நான் அசையவில்லை. எழுதினவருக்கு உரிமை, கையைவிட்டுப் போனதோடு சரி. பெயர் யாருடையதோ கடுதாசி அவருடையது. துரை கையில் கொடுத்தேன்.

அவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அரக்கைத் தடவினார். அவளைப் பார்த்தார். அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு குடும்பம் ஒரு அரக்கு வில்லைக்கு இந்தப் பக்கம் நிற்கிறது, உடைத்தால் என்ன ஆகுமோ. குருவப்பாவே வாயை மூடிக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்க.

துரை இறகுப்பேனா கேட்டார். சாமான் கணக்கெழுதுகிறவர் கொடுத்தார். துரை குனிந்து, சாக்குமூட்டை மேல் வைத்து, கடுதாசியின் மேல்பக்கத்தில் ஏதோ எழுதினார். குருவப்பா எட்டிப் பார்த்துப் படித்தார்.

"இதில் பெயர் கண்ட மனிதர் இப்போது இங்கே குடியில்லை. எழுதினவர் விலாசத்துக்கே திருப்பி அனுப்பவும்."

"எழுதினவங்க விலாசம் எது தொரே?" என்று கேட்டேன். பக்கத்திலேயே அம்மா நிற்கிறார்களே.

"சீமை" என்றார். "அவங்க அக்கா வீடு. அடுத்த தையில கொண்டுபோ."

அம்மா அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாளோ அழுதாளோ, எனக்குச் சரியாகத் தெரியவில்லை. குழந்தை இரண்டு பேர் தலைமயிரையும் பிடித்துக்கொண்டது.

நான் என்ன செய்தேன் என்கிறீங்க? தை வந்ததும் கொண்டுபோனேன். அப்போதும் அம்மா கரைக்கு வந்து, "மாசிலா, அலை இழுத்துட்டுப் போச்சுன்னா நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்" என்றாள். "அலையாவது, இழுக்கிறதாவது! என்ன பேச்சும்மா இது" என்று சொல்லிவிட்டுப் போனேன். ஒன்றரை வருஷம் கழித்து, போன ஆடியில் திரும்பி வந்தது. அக்கா ஒரு வரி எழுதிச் சேர்த்திருந்தாள். "இப்படிக் கோபக்காரி யாரும் இந்த வீட்டில் இல்லை. கோட்டையில் விசாரிக்கவும்." துரை அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினார். இனி இந்தப் பக்கம் எழுத இடம் கம்மிதான், பின்பக்கம் இருக்கிறது. இன்னும் யாரும் அரக்கை உடைக்கவில்லை. உள்ளே என்னதான் எழுதியிருக்கிறது என்று நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிகிறது. எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். போன வாரம் குருவப்பா அம்மாவிடமே கேட்டாராம். பாதிக்குமேல் மறந்துவிட்டது என்றாளாம்.

இன்றைக்குக் காலையில் கட்டு வாங்கக் கோட்டைக்குப் போனேன். கும்பினிக் கடுதாசியெல்லாம் கொடுத்து முடித்த பிறகு, அம்மா அந்தக் கறுப்பு அரக்கைத் தன் கையால் கொண்டுவந்து கொடுத்தாள். மூன்றாவது தடவை போகிறது. ஓரமெல்லாம் மடங்கி நைந்துபோயிருந்ததால் மெழுகுத் துணியில் அவளே வைத்துத் தைத்திருக்கிறாள், நெருக்கமான தையல், எறும்பு நுழையாது. இந்தத் தடவை கடலில் போடு என்று சொல்லவில்லை. அலை இழுத்தால் இழுக்கட்டும் என்றும் சொல்லவில்லை. என் தொப்பிக்குள் அதை வைத்து, கயிற்றைத் தன் கையாலேயே இரண்டு சுற்று இறுக்கிவிட்டு, "மாசிலா, பத்திரம். தொலைச்சுடாதே" என்றாள். வாசல் தாண்டிய பிறகும் கூப்பிட்டு இன்னொரு தடவை சொன்னாள்.

பார்த்தீங்களா, செட்டியாரே? என் தொழிலின் அருமை அந்தம்மாவுக்குப் புரிய இத்தனை வருஷம் ஆயிற்று.